ஈக்குவலைசர் வேண்டுமா? தென்திருவிதாங்கூர் எல்லையிலிருந்து ஓர் ஒலி வரலாறு

வீட்டு ஒலிக்கருவியில் ஈக்குவலைசரைப் பயன்படுத்தலாமா என்னும் வினாவுக்கு இருவகை விடைகள் சொல்லப்படுகின்றன. பதிவானது பதிவானபடியே ஒலிக்க வேண்டும் என்பது ஒன்று. கேட்பவரின் செவியே அளவுகோல் என்பது மற்றொன்று. முதல் தரப்பு, எவராலும் திருத்தப்படாத 'மூலப் பதிவு' ஒன்று உண்டு என்று முன்கூட்டியே கொள்கிறது. ஒலிப்பதிவின் வரலாறு அதற்கு இடம் தருவதில்லை.

ஈக்குவலைசர் என்னும் பெயர் தொலைபேசித் துறையில் வழங்கியது. நெடுந்தொலைவுக் கம்பிகளில் உயர் அதிர்வெண்கள் மிகுதியாகத் தேய்ந்தன. அவ்விழப்பை ஈடுசெய்து எல்லா அதிர்வெண்களையும் சமநிலைக்குக் கொணர்ந்த மின்சுற்றே அப்பெயரைப் பெற்றது. ஆக, அது அணிசெய்யும் கருவியாக அன்று, இழப்பை ஈடுசெய்யும் கருவியாகவே தோன்றியது.

1925இல் மின்முறைப் பதிவு வணிகத்துக்கு வந்தபின் இசைத்தட்டும் இதே நெறியைக் கைக்கொண்டது. தாழ்ந்த ஒலிகளை முழு வலிமையோடு பொறித்தால் வரிப்பள்ளம் அகன்று பக்கத்து வரியை வெட்டிவிடும். எனவே அவற்றைக் குறைத்துப் பொறித்தனர், இசைக்கும்போது கூட்டிக்கொண்டனர். எவ்வளவு குறைப்பது என்பதில் நிறுவனந்தோறும் வேறுபாடு இருந்தது. அமெரிக்காவின் ஆர்.ஐ.ஏ.ஏ. பொது வரையறை 1954இல்தான் வந்தது. 1930களின் தமிழ் நாடகப் பாடல் தட்டை இன்றைய கருவியில் அவ்வரையறைப்படி இசைத்தால், பெரும்பாலும் தாழ்ஒலி தடித்து, உச்சஒலி மங்கும். அவ்வாறு மங்கிய குரலைக் கேட்டு 'அக்காலப் பாடகர் குரலே இப்படித்தான்' என எழுதும் ஆய்வாளர், பாடகரையன்று, பொருந்தாத மின்சுற்றையே மதிப்பிடுகிறார்.

காரக்கோணம் வட்டாரத்தின் வானொலி வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டும். திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. 1950இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்குச் செல்ல, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்தில் இடப்பட்ட எல்லை வான்அலையைத் தடுக்கவில்லை. 1963இல் தோன்றிய திருநெல்வேலி நிலையமும் இங்குள்ள தமிழ்ச் செவிகளுக்கு உரியதாயிற்று. ஆயின் மத்திய அலையின் அலைவரிசை குறுகியது. ஏறத்தாழ 4,500 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி கேட்பவரிடம் பெரும்பாலும் வந்து சேராது. 1984இல் நாகர்கோவிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் பண்பலையில் தொடங்கியது. பண்பலை 15,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுவர வல்லது. மத்திய அலையில் கேட்ட வில்லுப்பாட்டில் வில்மணியின் கணீர் ஒலியை ஈக்குவலைசரின் உச்சஒலிக் குமிழைத் திருகி வரவழைக்க இயலாது. இரைச்சல் மட்டுமே கூடும். சேதப்பட்ட ஒன்றைச் சீர்செய்யலாம். வந்து சேராத ஒன்றைப் படைக்க முடியாது.

இனி வீட்டுக்கு வருவோம். ஓட்டுக்கூரையும் மரமச்சும் கொண்ட பழைய வீடுகளின் இடத்தை இங்குக் கான்கிரீட் அறைகள் பிடித்துள்ளன. 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் அளவில் முதல் அதிர்வொத்திசைவு நிகழும். அதன் மடங்குகளும் தொடரும். அதனால் குடத்தின் முழக்கம் சுவரோரத்தில் வீங்கியும் நடுவில் மெலிந்தும் கேட்கும். வீக்கத்தை ஈக்குவலைசரால் குறைக்கலாம். மெலிவையோ கூட்டி நிரப்ப முடியாது. அங்கு அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மேலும் 10 டெசிபெல் கூட்ட ஆம்ப்ளிஃபயரின் திறன் பத்து மடங்காக வேண்டும். ஆகவே முதலில் ஒலிபெருக்கியின் இடத்தையும் இருக்கையையும் மாற்றிப் பார்ப்பது நலம். பின்னரும் எஞ்சும் வீக்கத்துக்கே குமிழ்.

செவியும் நடுநிலையானதன்று. மெல்லிய ஒலியளவில் தாழ்ந்த ஒலிகளை நாம் குறைவாகவே உணர்கிறோம் என்பதை 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினர். இரவில் மெதுவாகக் கேட்பவர் தாழ்ஒலியைச் சற்றுக் கூட்டிக்கொள்வதில் பிழையில்லை.

நாட்டார் வழக்காற்றியல் மாணவர்களுக்கு இதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. வில்லடிச்சான் பாட்டு எல்லையின் இருபுறமும் பாடப்படுகிறது. அதன் பதிவுகள் பலவும் இன்று தனிவீடுகளில் எஞ்சிய கேசட்டுகளே. அவற்றை எண்ணிம வடிவுக்கு மாற்றும்போது, கேட்க இனிமையாக இருக்கட்டும் என்று உச்சஒலியை வெட்டிச் சேமித்தால், நாடாவின் இரைச்சலோடு தாளத்தின் ஒலியும் வில்மணியின் ஒலியும் போய்விடும். கேசட்டு நைந்தபின் அவற்றை எவராலும் மீட்க இயலாது. கேசட்டுக்குரிய ஈடுசெய் அளவை மட்டும் முறையாகக் கையாண்டு, வேறு திருத்தமின்றி ஒரு படியைக் காக்க வேண்டும். செவிக்கேற்ற திருத்தங்களை மற்றொரு படியில் செய்து, செய்தவற்றை எழுதிவைக்க வேண்டும்.

ஆகவே வீட்டில் ஈக்குவலைசரைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அங்கு குமிழை எப்போதும் பழைய நிலைக்குத் திருப்பிவிட முடியும். ஆவணத்தில் அது முடியாது.