கூதிருக்கு முன் ஒரு கூரை

ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மழைக்காலத்தை இப்படி இரண்டாகப் பகுத்தனர் நம் முன்னோர். நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் செல்வர் மாளிகையில், கூதிர் வந்ததும் விசிறிகளை மடக்கித் தொங்கவிடுகிறார்கள். அவற்றில் சிலந்தி நூல் பின்னுகிறது. தென்றல் வந்த சாளரத்தின் கதவைத் தாழிடுகிறார்கள். அத்துடன் ஆயத்தம் முடிந்தது. மண்சுவருக்குள், வேய்ந்த கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கோ கூதிரை எதிர்கொள்வது கூரைமேல் ஏறிச் செய்யவேண்டிய வேலையாயிருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் அந்த வேலைக்குத் தனியொரு கால ஒழுங்கு உண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று தேக்கடிப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டிக் கூடலூரிலும் கம்பத்திலும் சாரலோடு இறங்குகிறது. கிழக்கே போகப்போக ஈரம் குறைந்து வெறும் காற்றாகிவிடுகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவது இக்காற்றே. கூரைக்கு முதற்பகை இதுதான், மழை இரண்டாவது. மேற்கிலிருந்து வந்த காற்று பிரித்துப்போட்டதை, வடகிழக்குப் பருவமழை வருமுன் கட்டியாகவேண்டும். இடையில் கிடைப்பது புரட்டாசியை ஒட்டிய சில வாரங்களே.

உக்கிப்போன கிடுகைக் களைந்து, இறவாரத்தில் தொடங்கி முகடு நோக்கி மேய்ந்து செல்வார்கள். மேல்வரிசை கீழ்வரிசையை மூடினால்தான் நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். அடுத்தது சுவர். மண்சுவர் பெரும்பாலும் உச்சியிலிருந்து அழிவதில்லை. இறவார நீர் தரையில் விழுந்து தெறிக்கும் அடிப்பகுதியே முதலில் கரையும். எனவே அங்கு மண் குழைத்துக் கனமாகப் பூசுவார்கள். திண்ணையை நாம் விருந்தோம்பலின் அடையாளமாகவே எழுதிப் பழகிவிட்டோம். தெறிநீரிலிருந்து அடிச்சுவரைக் காத்ததும் அதுவே.

நாட்டு ஓட்டு வீட்டுக்காரரும் தப்பவில்லை. வளைந்த அவ்வோடுகள் ஒன்றன்மேல் ஒன்று சும்மா கிடப்பவை. காற்றும் குரங்கும் பூனையும் நகர்த்தியதை ஆண்டுதோறும் சரிசெய்தாக வேண்டும். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வரலாயிற்று, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் தட்டை ஓடு. அதை வாங்க முடிந்தவருக்குப் புரட்டாசி வேலை பெரிதும் குறைந்தது. முடியாதவர் கிடுகுக்குக் கடன் வாங்கினர். ஓட்டுவீடு, கூரைவீடு என்ற பேச்சில் ஊரின் ஏற்றத்தாழ்வு முழுதும் அடங்கியிருந்தது.

இப்பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுதுவோர் 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றனர். பென்னிகுயிக்கின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆனால் அவ்வணையைப் பிணைத்த சுண்ணாம்பும் செங்கற்பொடியான சுர்க்கியும் நம் காரைவீட்டுக் கொத்தனார்களின் கைப்பொருள்களே. கசிவும் பொதுவானதுதான்: 1930களிலேயே அணைக்குள் சிமெண்டுக் குழம்பு செலுத்தி அடைக்கவேண்டியிருந்தது. அதற்கு ஆவணங்கள் உள்ளன. கூரை மேய்ந்தவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

கூரைவீட்டுக்காக ஏங்குவது நமக்கு உடன்பாடன்று. தீப்பிடித்தால் எஞ்சுவது சாம்பலே. 2010இல் கலைஞர் வீட்டுவசதித் திட்டமும், 2024இல் கலைஞரின் கனவு இல்லமும் குடிசைகளைக் கான்கிரீட்டாக்க வந்தவை. புரட்டாசியில் மேலே ஏறும் வழக்கம் மட்டும் முற்றிலும் ஒழியவில்லை. மொட்டைமாடியில், மழைநீர்க் குழாயின் வாயை ஆடிக்காற்று கொணர்ந்த சருகு அடைத்துக்கொண்டிருக்கும்.