ஜென்னருக்கு 22 வருஷம் முன்னாடி, ஒரு அப்பா

தடுப்பூசியைக் கண்டுபிடிச்சது யார்னு கேட்டா ஸ்கூல் பையன்கூட எட்வர்ட் ஜென்னர்னு சொல்லிடுவான். 1796 மே 14, ஜேம்ஸ் ஃபிப்ஸ்ங்கிற 8 வயசுப் பையன். எம்.பி.பி.எஸ்.ல நாங்களும் இதைத்தான் படிச்சோம்.

ஆனா 1774லேயே இங்கிலாந்தில் ஒரு விவசாயி தன் மனைவிக்கும் ரெண்டு பிள்ளைகளுக்கும் இதைச் செஞ்சிருந்தார். பேரு பெஞ்சமின் ஜெஸ்டி. டார்செட் மாவட்டத்தில் யெட்மின்ஸ்டர்ங்கிற சின்ன ஊர். பெரிய படிப்பு கிடையாது. நிலம், மாடு, குடும்பம், அவ்வளவுதான் அவர் உலகம்.

அந்த வருஷம் ஊருக்குள்ள பெரியம்மை வந்துடுச்சு.

பெரியம்மைன்னா இன்னைக்கு நமக்கு வெறும் பாடப்புத்தக வார்த்தை. வந்தவங்கள்ல ஏறக்குறைய பத்தில் மூணு பேர் செத்துப்போவாங்க. பிழைச்சா முகமெல்லாம் தழும்பு, பலருக்குக் கண்ணு போயிடும். வீட்டுல எலிசபெத், 3 வயசு ராபர்ட், 2 வயசு குட்டி பெஞ்சமின். அந்த மனுஷன் ராத்திரி எப்படித் தூங்கியிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க.

அப்போ ஒரு வழி இருந்தது. பெரியம்மைக் கொப்புளத்துச் சீழையே கொஞ்சம் எடுத்து, நல்லா இருக்கறவங்க தோலைக் கீறி வைக்கறது. பெரும்பாலும் லேசா வந்து போயிடும். ஆனா நூத்துல ஒண்ணு ரெண்டு பேர் அதுலயே செத்ததும் உண்டு. அவங்ககிட்டேருந்து அடுத்தவங்களுக்கும் நோய் பரவும்.

ஜெஸ்டிக்கு வேற ஒரு விஷயம் தெரியும். மாட்டோட மடியில வர்ற அம்மை, பால் கறக்கறவங்க கையில தொத்திக்கும். சின்னக் கொப்புளம், ரெண்டு நாள் காய்ச்சல், சரியாயிடும். இந்த மாட்டம்மை வந்தவங்களைப் பெரியம்மை தொடாதுன்னு பால்காரங்க நடுவுல ஒரு பேச்சு உண்டு. அவருக்கே சின்ன வயசுல மாட்டம்மை வந்திருக்கு. அவர்கிட்ட வேலை பார்த்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் வந்திருந்தது. அவங்க பெரியம்மை வந்த சொந்தக்காரங்களைப் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிட்டாங்க, ஒண்ணும் ஆகலை. இதையெல்லாம் அவர் கண்ணால பார்த்திருக்கார்.

பக்கத்து ஊர் செட்னோல்ல மாடுகளுக்கு அம்மை வந்திருக்குன்னு தெரிஞ்சதும் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு அங்கேயே போயிட்டார். மாட்டு மடிப் புண்ணுலேருந்து சீழை எடுத்து, காலுறை பின்னற ஊசியால மூணு பேர் கையிலயும் கீறி ஏத்திட்டார். தனக்குப் போட்டுக்கலை, தேவையில்லைன்னு தெரியும்.

பசங்க சீக்கிரமே சரியாயிட்டாங்க. எலிசபெத்துக்குத்தான் கை பயங்கரமா வீங்கிப் போச்சு, நல்ல காய்ச்சல், நிலைமை மோசம். சுத்தம் பண்ணாத ஊசி. கூடவே வேற கிருமியும் போயிருக்கலாம்னு இன்னைக்கு நாம ஊகிக்கலாம். ஆன்டிபயாடிக் எல்லாம் வர இன்னும் ஒண்ணரை நூற்றாண்டு இருக்கு.

ஊசி போட்ட ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா, மறுநாள் ஓ.பி.யில அப்பாக்கள் என்கிட்ட வந்து கோபப்படுவாங்க. பரவாயில்லை, அது அவங்க உரிமை. ஜெஸ்டிக்குக் கோபப்பட ஆளே இல்லை. ஊசியைப் பிடிச்சது அவர் கை. படுத்துக்கிடக்கறது அவர் மனைவி.

எலிசபெத் பிழைச்சுக்கிட்டாங்க.

விஷயம் வெளியில தெரிஞ்சதும் ஊரே திரும்பிடுச்சு. மிருகத்தோட நோயை மனுஷ உடம்புல ஏத்திட்டான், பெத்த பிள்ளைக்கே இப்படிப் பண்ணிட்டான்னு பேச்சு. அந்தப் பிள்ளைகளுக்குக் கொம்பு முளைக்கும்னுகூட பயந்தாங்க. சந்தைக்குப் போனா கூச்சல் போட்டு, கல்லெறிஞ்சாங்க. (வாட்ஸ்அப் இல்லாத காலத்துலயே இவ்வளவு!) பசங்களுக்குக் கொம்பு முளைக்கலை. பின்னாடி அவங்களுக்குப் பெரியம்மைச் சீழையே வச்சுப் பார்த்தப்பவும் நோய் வரலை.

ஜெஸ்டி இதைப் பத்தி எதுவும் எழுதலை. குடும்பம் தப்பிச்சுடுச்சு, மறுபடி வயல் வேலை. மொத்தம் 7 பிள்ளைங்க. 1797 வாக்கில் கடலோரம் வொர்த் மேட்ராவர்ஸ் ஊருக்குக் குடிபோனாங்க.

இங்கதான் நம்ம சென்னை உள்ள வருது. பக்கத்து ஊரான ஸ்வானேஜுக்கு 1801ல் பாதிரியாரா வந்தவர் ஆண்ட்ரூ பெல். முன்னாடி எழும்பூர்ல அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்தினவர். நம்ம திண்ணைப் பள்ளிப் பசங்க மணல்ல எழுதறதைப் பார்த்து, மூத்த பசங்களை வச்சே சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கற 'மெட்ராஸ் முறை'யை உருவாக்கினவர் இவர்தான். இங்கிலாந்து பாராளுமன்றம் 1802ல் ஜென்னருக்கு 10,000 பவுண்டு கொடுத்திருந்தது. ஜெஸ்டி கதையைக் கேட்ட பெல், இவரையும் கவனிங்கன்னு லண்டனுக்கு எழுதினார்.

1805ல் லண்டன்ல ஒரு தடுப்பூசி நிறுவனம் ஜெஸ்டியை அழைச்சது. அதை நடத்தின டாக்டர் ஜார்ஜ் பியர்சனுக்கும் ஜென்னருக்கும் ஆகாது, அந்த அரசியலும் இதுல இருந்தது. எழுபதை நெருங்கற வயசு. லண்டன் போறீங்க, நல்ல துணி போட்டுக்கோங்கன்னு வீட்டுல கெஞ்சியிருக்காங்க. ஊர்ல போடறதே போதும்னுட்டார். பாராட்டுப் பத்திரம், தங்கப்பிடி போட்ட கத்திகள், வழிச்செலவுக்கு 15 கினி கொடுத்தாங்க. ஓவியர் ஷார்ப் படம் வரையறப்ப இவரால சும்மா உட்கார முடியலை. ஓவியரோட மனைவி பியானோ வாசிச்சு உட்கார வச்சாங்களாம்.

கூடப் போன மூத்த மகன் ராபர்ட் அங்கே மறுபடி பெரியம்மைச் சீழை ஏத்திக்கிட்டார். 31 வருஷம் கழிச்சும் ஒண்ணும் ஆகலை.

அப்போ ஜென்னர் பேரை எடுத்துடலாமா? கூடாதுங்கறது என் கருத்து. அவர் சோதிச்சு, 1798ல் எழுதி வெளியிட்டு, உலகத்துக்கே கொண்டுபோனார். 1980ல் பெரியம்மை ஒழிஞ்சதுக்கு அந்தப் பாதைதான் காரணம். ஜெஸ்டி செஞ்ச மாதிரி ஒருத்தர் இன்னைக்குச் செஞ்சா நானே போலீஸுக்குச் சொல்லுவேன். ஆனா அவருக்கு உலகம் வேணும்னு தோணலை. வீட்டுல இருந்த மூணு பேர் வேணும்னு தோணுச்சு.

1816 ஏப்ரல்ல, 79 வயசுல ஜெஸ்டி இறந்தார். மாட்டம்மை ஏத்தினதுல அறியப்பட்ட முதல் ஆள் இவர்தான்னும், 1774ல் தன் மனைவிக்கும் ரெண்டு மகன்களுக்கும் செஞ்சார்னும் கல்லறையில எழுதியிருக்கு.

கை வீங்கிச் சாகக் கிடந்த எலிசபெத், அவருக்கப்புறம் 8 வருஷம் இருந்து, 84 வயசுல போனாங்க. ரெண்டு கல்லறையும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு.