இராணிக்கேட் நோய்

இராணிக்கேட் நோய் என்பது, வெள்ளைக்கழிச்சல் என்று வழங்கும், கோழிகளின் சுவாசம், குடல், நரம்பு ஆகிய மூன்றையும் தாக்கும் வைரஸ் தொற்றுநோயாம். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட இது, மறு ஆண்டில் குமாவுன் மலைப்பகுதியின் இராணிக்கேட்டில் தோன்றியமையால் இந்தியாவில் அவ்வூரின் நாமத்தையே பெற்றது. பாளையங்கோட்டைச் சுற்றுப்புறத்துப் புறக்கடைகளில் அந்தியில் பஞ்சாரத்தில் அடைபட்ட கோழி, கழுத்தை நீட்டி அலகைத் திறந்து கறகறவென மூச்சிழுத்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, சில சமயம் கழுத்துத் திருகிக்கொள்வது இதன் லட்சணம். சாதாரணச் சளியென்று கருதி மஞ்சளும் மிளகும் புகட்டிக் காலம் கடத்துவது விபரீதமே. இதற்கு நேரான ஔஷதம் இல்லை. நோயுற்றதை உடனே பிரித்து வைத்தலும், குஞ்சுப் பருவத்தின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ இடும் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் போடும் தடுப்பூசியுமே பரிகாரம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனம்போல் கொத்தித் தின்னும் குருணைத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியுள்ளது.