மிசாகி டோய்: இரண்டு வாகையரின் முதல் தடை

மிசாகி டோய் (பிறப்பு: ஏப்ரல் 29, 1991) ஜப்பானின் முன்னாள் தொழில்முறை டென்னிஸ் வீராங்கனை. இடக்கை ஆட்டக்காரர், உயரம் 159 செ.மீ. 2008 இறுதியில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து 2023இல் ஓய்வு பெற்றார். மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் தொடர்களில் இவர் வென்ற பட்டம் ஒன்றே. இவர் எட்டிய மிக உயர்ந்த தரவரிசை இடம் 30. கிராண்ட் ஸ்லாம் தொடர் எதிலும் காலிறுதியை எட்டியதில்லை. ஆயினும் 2016 ஆஸ்திரேலிய ஓப்பனையும் 2020 அமெரிக்க ஓப்பனையும் வென்ற இருவருமே முதல் சுற்றில் இவரைத் தாண்டித்தான் சென்றனர். இருவரிடமிருந்தும் இவர் ஒரு செட்டைப் பறித்தார்.

தொடக்கம்

டோய் சிபா மாகாணத்தைச் சேர்ந்தவர். 2007 விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பிரிவில் குருமி நாராவுடன் இணைந்து இறுதிப் போட்டி வரை சென்றார். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். இருவரும் உயரம் குறைந்தவர்கள். ஜப்பானிய மகளிர் டென்னிசில் 1995இல் உலகின் 4ஆம் இடத்தை எட்டிய கிமிகோ டாட்டே, இரட்டையரில் முதலிடம் பெற்ற அய் சுகியாமா ஆகியோருக்குப் பின் வந்த தலைமுறை இவர்களுடையது.

2011 விம்பிள்டனில் தகுதிச் சுற்றின் வழியே முதன்மைச் சுற்றுக்குள் நுழைந்த டோய், பெத்தானி மாட்டெக்-சாண்ட்சையும் சீனாவின் ஜெங் ஜியேயையும் வென்று மூன்றாம் சுற்றை அடைந்தார். அங்கே சபீன் லிசிக்கியிடம் தோற்றார்.

தரவரிசையின் கணக்கு

டோயின் ஏற்ற இறக்கங்களைப் புரிந்துகொள்ளத் தரவரிசை முறையை அறிவது அவசியம். ஒரு வீராங்கனையின் இடம், கடந்த 52 வாரங்களில் அவர் ஈட்டிய புள்ளிகளால் முடிவாகிறது. ஓராண்டு முடிந்ததும் பழைய புள்ளிகள் கழிக்கப்படும். அதே வாரத்தில் அதே அளவு வெற்றி பெறாவிட்டால் இடம் சரியும்.

ஏறத்தாழ முதல் 100 இடங்களுக்குள் இருப்போருக்குக் கிராண்ட் ஸ்லாம் முதன்மைச் சுற்றில் நேரடி இடம் கிடைக்கும். அதற்குக் கீழே உள்ளவர்கள் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்றாக வேண்டும். முதல் சுற்றில் தோற்பவருக்கும் கிராண்ட் ஸ்லாமில் கணிசமான பரிசுத்தொகை உண்டு. பயிற்சியாளர், விமானம், விடுதி எனச் செலவு செய்து உலகைச் சுற்றும் நடுநிலை ஆட்டக்காரருக்கு அந்த 100ஆம் இடமே வாழ்வாதாரத்தின் எல்லைக்கோடு.

ஒரே ஒரு பட்டம்

2015 அக்டோபரில் லக்சம்பர்க் ஓப்பனின் இறுதிப் போட்டியில், தம்மைவிட மிக உயரமான ஜெர்மனியின் மோனா பார்ட்டெலை டோய் 6-4, 6-7, 6-0 என வென்றார். இரண்டாம் செட்டை டைபிரேக்கில் இழந்தவர், மூன்றாம் செட்டில் ஒரு கேமைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இப்பட்டம் அவருக்கு 280 புள்ளிகளைத் தந்தது.

மெல்பர்ன், 2016

2016 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில், 64ஆம் இடத்தில் இருந்த டோய், போட்டி வரிசையில் 7ஆம் இடம் பெற்றிருந்த அஞ்செலிக் கெர்பரைச் சந்தித்தார். முதல் செட்டை டைபிரேக்கில் வென்றார். இரண்டாம் செட்டும் டைபிரேக்குக்குச் சென்றது. அதில் 6-5 என முன்னிலை பெற்றபோது டோயின் கையில் வெற்றிப் புள்ளி இருந்தது. கெர்பர் அதைக் காப்பாற்றினார். அந்த டைபிரேக்கை 8-6 எனவும், மூன்றாம் செட்டை 6-3 எனவும் வென்றார்.

அதன்பின் கெர்பர் ஆறு ஆட்டங்களை வென்று, இறுதியில் செரினா வில்லியம்சை வீழ்த்தித் தம் முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டத்தைப் பெற்றார். அந்த ஒரு புள்ளியின்போது தாம் ஏறக்குறைய ஊருக்கு விமானம் ஏறிவிட்ட நிலையில் இருந்ததாக அவரே பின்னர் நினைவுகூர்ந்தார். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனையும் வென்று உலகின் முதலிடத்தை அடைந்தார்.

டோயும் அங்கே நின்றுவிடவில்லை. அவ்வாண்டு விம்பிள்டனில் கரோலினா பிளிஷ்கோவாவை வென்று நான்காம் சுற்றை எட்டினார். அங்கும் எதிரில் நின்றவர் கெர்பர். இம்முறை 6-3, 6-1 எனக் கெர்பர் எளிதாக வென்றார். டோயின் கிராண்ட் ஸ்லாம் வாழ்வில் இதுவே உச்சம். அவ்வாண்டு ரியோ ஒலிம்பிக்கிலும் அவர் விளையாடினார்.

சரிவும் மீட்சியும்

2016 அக்டோபரில் டோய் 30ஆம் இடத்தைத் தொட்டார். அதே மாதத்தில் லக்சம்பர்க் பட்டத்தின் 280 புள்ளிகளும், மறு ஆண்டு ஜூலையில் விம்பிள்டன் நான்காம் சுற்றின் 240 புள்ளிகளும் காலாவதியாகின. அவற்றை ஈடுசெய்யும் வெற்றிகள் அமையவில்லை. முதல் 100க்கு வெளியே சென்ற டோய், சிறு தொடர்களில் ஆடி மீண்டும் மேலேறினார்.

2019 செப்டம்பரில் ஹிரோஷிமாவில் நடந்த ஜப்பான் மகளிர் ஓப்பனில் இறுதிப் போட்டியை அடைந்து, சக நாட்டவரான நாவோ ஹிபினோவிடம் தோற்றார். அதே தொடரின் இரட்டையர் பட்டத்தை இருவரும் சேர்ந்தே வென்றனர். டோய் மறுபடி முதல் 100க்குள் வந்தார்.

நியூயார்க், 2020

அந்த மீட்சியே அவரை 2020 அமெரிக்க ஓப்பனுக்குக் கொண்டு சென்றது. பெருந்தொற்றுக் காலம் என்பதால் அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. முதல் சுற்றில் எதிராளி நவோமி ஒசாகா. காவல்துறையினரால் கொல்லப்பட்ட பிரியோனா டெய்லரின் பெயர் பொறித்த முகக்கவசத்துடன் ஒசாகா களத்துக்கு வந்தது இந்த ஆட்டத்தில்தான். ஒசாகா 6-2, 5-7, 6-2 என வென்றார். இறுதியில் விக்டோரியா அசரென்காவை வீழ்த்திப் பட்டமும் பெற்றார்.

ஓய்வும் மதிப்பீடும்

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஜப்பானுக்காக ஆடிய டோய், 2023 செப்டம்பரில் டோக்கியோவின் டோரே பான் பசிபிக் ஓப்பனுடன் விடைபெற்றார்.

ஒரு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் 128 பேர் களமிறங்குகின்றனர்; பட்டம் ஒருவருக்கே. மற்ற 127 பேரில் பெரும்பாலோர் பெயர் வாகையரின் வரலாற்றில் ஒரு வரி மதிப்பெண்ணாக மட்டுமே எஞ்சும். ஆனால் அந்தப் பட்டத்தின் கடினம், அவர்கள் எவ்வளவு வலுவாக எதிர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. மெல்பர்னில் ஒரு பந்து வேறு விதமாக விழுந்திருந்தால் கெர்பரின் 2016ஆம் ஆண்டு வேறொன்றாக இருந்திருக்கும். அந்தப் பந்தின் மறுபக்கத்தில் நின்றவர் உலகின் 64ஆம் நிலை ஆட்டக்காரர்.