உறைகுளிர் சலித்த இரத்தம்: உயிரணு வங்கிகளின் வரலாறு குறித்து

உயிரி வங்கியில் 'இரத்தம்' இருக்கிறது என்பது பாதி உண்மை. திரவ நைட்ரஜன் தொட்டிகளில் உயிரோடு காக்கப்படுபவை பெரும்பாலும் லிம்போசைட்டுகளும் மோனோசைட்டுகளும்தான். வெள்ளணுக்களில் பாதிக்கு மேலான நியூட்ரோஃபில்கள் அங்கே இல்லை. இன்ன அணு வேண்டும் என்று மருத்துவம் தேர்ந்ததைவிட, எந்த அணு குளிரைத் தாங்கியது என்பதே இந்த வங்கிகளின் இருப்பைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் இரத்தத்தில் அன்று, சேவலின் விந்தில். லண்டன் மில்ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் ஆட்ரி ஸ்மித்தும் ஆலன் பார்க்ஸும் விந்தணுக்களைச் சர்க்கரைக் கரைசலில் உறையவைத்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். குளிரறையில் மாதக்கணக்கில் கிடந்த கரைசலை எடுத்து மீண்டும் முயன்றபோது விந்தணுக்கள் பிழைத்தன. எஞ்சியதைப் பகுத்துப் பார்த்தால் சர்க்கரையே இல்லை. கிளிசராலும் அல்புமினும் இருந்தன. புட்டியின் பெயர்ச்சீட்டு எங்கோ மாறியிருந்தது! 1949-இல் இம்முடிவு 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. மறு ஆண்டே ஸ்மித் கிளிசராலைச் சிவப்பணுக்களில் சோதித்தார். 1951-இல் மோலிசனும் ஸ்லோவிட்டரும், உறைந்து உருகிய சிவப்பணுக்களை மனிதருக்கு ஏற்றிக் காட்டினர்.

கிளிசரால் ஏன் காக்கிறது என்பதை அதே நிறுவனத்தின் ஜேம்ஸ் லவ்லாக் (பின்னாளில் 'கையா' கருதுகோளால் புகழ்பெற்றவர்) 1953-இல் விளக்கினார். தண்ணீர் பனியாக மாற மாற, மிஞ்சும் நீரில் உப்பு செறிந்துகொண்டே போகிறது. அந்த உப்பே அணுச்சவ்வைச் சிதைக்கிறது. 1959-இல் பிஷப்புடன் சேர்ந்து அவர் அறிமுகப்படுத்திய டைமெத்தில் சல்ஃபாக்சைடு, கிளிசராலைவிட விரைவாக அணுவுக்குள் புகும். வெள்ளணு வங்கிகள் இன்றும் நம்பியிருப்பது அதைத்தான்.

ஆனால் காப்புப்பொருள் மட்டும் போதாது. பீட்டர் மேசரும் சகாக்களும் 1972-இல் நிறுவியபடி, மெல்லக் குளிர்த்தால் உப்பும் நீரிழப்பும் கொல்லும். விரைந்து குளிர்த்தால் அணுவுக்குள்ளேயே பனி விளையும். இரண்டுக்கும் நடுவிலுள்ள வேகம் அணுவுக்கு அணு வேறு. லிம்போசைட்டுக்கு நிமிடத்துக்கு சுமார் 1 பாகை உகந்தது. தண்ணீரை நொடியில் வெளியேற்றும் சிவப்பணுவோ ஆயிரக்கணக்கான பாகை வேகத்தைக்கூடத் தாங்கும். இரத்தத்தின் எல்லா அணுக்களுக்கும் ஒரே பக்குவம் என்பது கிடையாது.

இதற்கிடையே இன்னொரு சல்லடையும் வந்து சேர்ந்தது. 1968-இல் நார்வேயின் ஆர்னே போயும், அடர்த்தி 1.077 கொண்ட கரைசலின்மேல் இரத்தத்தை விட்டுச் சுழற்றும் முறையை வெளியிட்டார். லிம்போசைட்டும் மோனோசைட்டும் நடுவே வெண்படலமாக மிதக்கும். சிவப்பணுக்களோடு நியூட்ரோஃபில்கள் அடியில் தங்கிவிடும். ஆய்வகங்கள் படலத்தை எடுத்து உறையவைத்தன, அடியிலிருந்ததைக் கொட்டின. கொட்டியதில் பெரிய இழப்பும் தெரியவில்லை: நியூட்ரோஃபில்கள் உறைந்து உருகினால் உடைந்து, டி.என்.ஏ-வைக் கசியவிட்டு, மற்ற அணுக்களையும் கட்டிகட்டியாக ஒட்டவைத்துவிடும்.

இந்த வழக்கம் பெரும் பலனும் தந்தது. அமெரிக்காவின் நான்கு நகரங்களில் 1984-இல் தொடங்கிய எய்ட்ஸ் தொடராய்வு, சுமார் 5,000 ஆண்களை ஆறு மாதத்துக்கொருமுறை வரவழைத்து அவர்கள் அணுக்களைச் சேமித்தது. எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனைக்கு அங்கே உரிமம் கிடைத்ததோ 1985-இல்தான். இன்னும் கேட்கத் தெரியாத கேள்விகளுக்காகச் சேமித்த துணிச்சல் அது. அந்நோய் தாக்குவது லிம்போசைட்டுகளை என்பதால், வெண்படலம் போதுமானதாக இருந்தது.

கோவிட் காலத்தில் அது போதவில்லை. 2020-இல் 'செல்' இதழில் எழுதிய பெர்லின், பான் நகர ஆய்வாளர்கள், வெண்படலத்தோடு புதிய முழு இரத்தத்தையும் ஆராய்ந்தார்கள். தீவிர நோயாளிகளிடம் முதிராத, இயல்பு திரிந்த நியூட்ரோஃபில்கள் மிகுந்திருந்தன. முழு இரத்தத்தை உடனுக்குடன் வேதிப்பொருளால் நிலைப்படுத்தி உறையவைக்கும் முறைகள் இப்போது உண்டு. அவற்றில் நியூட்ரோஃபில்களையும் எண்ணலாம், அடையாளம் காணலாம். ஆனால் அவை செத்த அணுக்கள். கிருமியை எதிரே வைத்து என்ன செய்கின்றன என்று பார்க்க, இன்றும் நோயாளியின் கையில் மறுபடி ஊசி குத்தித்தான் ஆக வேண்டும்.