கொட்டியாரத்துக் கல்லும் என் கட்டுரையும்

எங்கள் மூதூரில் ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று பெயர்பெற்ற ஓர் இடம் உண்டு. 1893இல் ஆங்கிலேயர் அவ்விடத்தில் ஒரு கல்லை நாட்டினர். ‘ஆன்’ என்ற கப்பலின் கப்டன் றொபேட் நொக்ஸ் 1660இல் இம்மரத்தடியில் பிடிபட்டார், பத்தொன்பது ஆண்டுகள் கண்டி மன்னனின் கைதியாக இருந்தார் என்பது அதன் ஆங்கில வாசகத்தின் சாரம். சிறுவயதில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் அதைப் பார்த்தேன். பின்னர் ஆசிரியராகி, அதையே பதினைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கல்லில் வெட்டியது பிழையாக இருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

2012இல், நாற்பத்தொரு வயதில், வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிவு செய்தேன். பெரிய இலட்சியம் எதுவுமில்லை. சம்பளப் படியேற்றத்துக்குப் பட்டம் தேவைப்பட்டது. வாரஇறுதி வகுப்புகள் திருகோணமலையில் நடந்தன. முன்னர் லாஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்துதான் நகருக்குப் போவோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. 2011இல் ஏனைய பாலங்களும் முடிந்தன. அதனால் பஸ்ஸிலேயே போய்வர முடிந்தது. வகுப்பில் பாதிப்பேர் என் மாணவர்களின் வயதினர். சுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டு, கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

முதல் மாதத்திலேயே விரிவுரையாளர் நொக்ஸின் நூலிலிருந்து சில பக்கங்களைப் பிரதியெடுத்துத் தந்தார். 1681இல் லண்டனில் வெளியான நூல் அது. “உங்கட ஊர்க் கதைதானே, சொல்லுங்க” என்றார். கல்லில் உள்ளதை ஒப்புவித்தேன். “இதில எத்தனை நொக்ஸ் இருக்கிறாங்க?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியை வைத்துக்கொண்டு இரவிரவாக வாசித்தேன்.

இரண்டு பேர் இருந்தார்கள். கப்பலின் கப்டன் தந்தை. மகனுக்கும் அதே பெயர். புளியமரத்தடியில் வளைத்துப் பிடிக்கப்பட்டவர் தந்தை. அவர் ஓராண்டுக்குள், 1661இன் தொடக்கத்தில், காய்ச்சலில் இறந்துபோனார். பத்தொன்பது ஆண்டுகள் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் கைதியாயிருந்து, 1679இல் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடி, பின்னர் நூல் எழுதியவர் மகன். கல் இருவரையும் ஒருவராக்கிவிட்டது. நூல் அச்சாகி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து நாட்டப்பட்ட கல் அது. நூலைத் திறந்து பார்த்திருந்தாலே அந்தப் பிழை வந்திராது. பதினைந்து ஆண்டுகளாக நானும் திறந்து பார்க்கவில்லை.

கல்லில் பிழை கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அடுத்த வகுப்புக்குப் போனேன். அவர் மெச்சவில்லை. “அப்ப நூலை அப்படியே நம்பலாமா?” என்று கேட்டார். கண்டியிலிருந்து மகன் ஒரு குறிப்பையும் கொண்டுவரவில்லை. நாடு திரும்பும் கப்பற் பயணத்தில் நினைவிலிருந்தே எழுதினார். றொபேட் ஹூக் என்னும் விஞ்ஞானி அதைச் சீராக்கி அச்சுக்குக் கொடுக்க உதவினார். படிக்கப்போகிறவர்களில் கிழக்கிந்தியக் கம்பனியின் எசமானர்களும் இருந்தார்கள். யார் எழுதினார், எப்போது, யாருக்காக, எதை விட்டுவிட்டார் என்ற நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, அவற்றை அழிக்காமலே அவர் வகுப்பை முடித்தார்.

அந்த நான்கு கேள்விகளும் என் வீட்டு அலுமாரிக்குள்ளும் வந்து சேர்ந்தன. 2008இல் ஒரு பாடசாலை மலருக்கு ‘மூதூர் முஸ்லிம்களின் வரலாறு’ என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். ஊரில் பலர் பாராட்டிய கட்டுரை. அதில் நொக்ஸும் வருகிறார். அவருடைய கப்பல் புயலில் பாய்மரத்தை இழந்து கொட்டியாரத்துக்கு வந்தபோது, போர்ட்டோ நோவோ வணிகர்களையும் அவர்களது துணிகளையும் ஏற்றி வந்தது. போர்ட்டோ நோவோ என்பது நம் பறங்கிப்பேட்டை. மரக்காயர்கள் கப்பல் விட்ட துறை. ஆகவே ‘1659இல் எம் மூதாதையர் கொட்டியாரத்தில் வணிகம் செய்தமைக்கு நொக்ஸே சாட்சி’ என்று எழுதிவிட்டேன். இப்போது எடுத்துப் பார்த்தால், நூலில் உள்ளது ‘இந்திய வணிகர்’ என்பது மட்டுமே. அவர்கள் முஸ்லிம்களாக இருந்திருக்கலாம், செட்டிகளாகவும் இருந்திருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதை ‘இருந்தனர்’ ஆக்கியது நொக்ஸ் அல்ல, நான்.

இன்னோர் இடமும் உறுத்தியது. கண்டியில் முஸ்லிம்களுக்கு ஒரு பள்ளி இருந்ததையும், அதற்கு ஒவ்வொரு நிலக்காரரும் ஒரு பணம் கொடுக்க வேண்டுமென முன்னிருந்த மன்னர் ஒருவர் உரிமை வழங்கியதையும் நொக்ஸ் சொல்கிறார். சிங்கள மன்னர்களின் தாராளத்துக்குச் சான்றாக மேடைகளில் நாம் எடுத்துச்சொல்லும் செய்தி இது. நானும் சொல்லியிருக்கிறேன். வீடு பூட்டியிருந்தால் உடைத்துப் பொருளை எடுக்கும் அதிகாரமும் வசூலிப்பவர்களுக்கு இருந்தது என்று அதே பத்தியில் அவர் எழுதுவதை எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டது நமக்குச் சங்கடமான பாதியைத்தான்.

நம் சமூகத்துக்கு இந்த வாசிப்பு புதிதல்ல. சேர். பொன். இராமநாதன் 1888இல் ‘இலங்கைச் சோனகரின் இனவியல்’ பற்றி எழுதி, நாம் இனத்தால் தமிழரே என்று நிறுவ முயன்றார். சட்டநிரூபண சபையில் அவர் தமிழ்ப் பிரதிநிதியாயிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே முஸ்லிம்களுக்கெனத் தனிப் பிரதிநிதி நியமிக்கப்பட்டார். யார், எப்போது, யாருக்காக என்ற கேள்விகளை அக்கட்டுரையிடம் கேட்டு, 1907இல் மறுப்பு நூல் வெளியிட்டவர் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ். நாம் பெருமையோடு நினைக்கும் நூல். ஆனால் அரபு மூதாதையர் பற்றிய நம் மரபுக் கதைகளிடமும் அதே கேள்விகளை அதே கடுமையோடு கேட்டோமா என்று தேர்வு விடைத்தாளில் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது. காட்டிக்கொடுக்கிறேனோ என்ற பயம்.

அந்தப் பயத்தைத் தணித்தவர் இப்னு கல்தூன். 1377இல் எழுதிய முகத்திமாவில் அவர் மஸ்ஊதியையே கேள்வி கேட்கிறார். மூஸா நபியின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்தனர் என்ற செய்தியை எடுத்து, அத்தனை பேரை ஒரு நிலம் தாங்குமா, ஒரு களத்தில் அணிவகுக்க முடியுமா என்று கேட்கிறார். அதற்கும் முன்பே ஹதீஸ் கலை அறிவிப்பாளர்களை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தது. செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத் சொல்கிறது. விசாரியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதிருக்க வேண்டும் என்பதே அது கூறும் காரணம். ஓதி வளர்ந்த வசனம்தான். அதை நம் சொந்த எழுத்துக்கும் பொருத்தலாம் என்று விளங்க எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்தவர் சம்பூர்த் தம்பி. அப்போது அவர் குடும்பம் கிளிவெட்டி முகாமில் இருந்தது. சம்பூர் உயர் பாதுகாப்பு வலயம். உள்ளே அனல் மின்நிலையம் வரப்போவதாகப் பேச்சு. எங்கள் இரு ஊர்களும் ஒரே குடாவின் ஓரத்தில் இருக்கின்றன. ஆனாலும் வகுப்புக்கு முன் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஒருநாள் என் மலர்க் கட்டுரையைக் கேட்டு வாங்கிப் போனார். அடுத்த வாரம் திருப்பித் தந்தார்.

“நல்லா எழுதியிருக்கிறீங்க நானா. ஆனா இதில சம்பூர் எங்க?”

கட்டுரையின் கடைசிப் பகுதி 2006 பற்றியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் புலிகள் மூதூருக்குள் நுழைந்ததும், பள்ளிகளிலும் பாடசாலைகளிலும் நாங்கள் ஒதுங்கியதும், ஷெல் விழுந்ததும், கிழவர்களையும் குழந்தைகளையும் சுமந்துகொண்டு கந்தளாய்க்கு நடந்ததும் விரிவாக இருந்தன. எல்லாம் உண்மை. நானும் நடந்தவன். ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி, கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்த அன்று மாலையே, சம்பூர்ப் பகுதியில் குண்டுகள் விழத் தொடங்கியது பற்றி ஒரு வரியும் இல்லை. செப்டெம்பரில் சம்பூர் இராணுவத்திடம் வீழ்ந்ததும், அதன் மக்கள் வீடிழந்ததும் இல்லை. ஆகஸ்ட் 4ஆம் திகதி எங்கள் மூதூரிலேயே பதினேழு தொண்டு நிறுவன ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் முஸ்லிம், ஏனையோர் தமிழர். அதுவும் இல்லை.

வெட்கத்தை மறைக்க, “நீங்க எழுதினதைத் தாங்க, பார்ப்பம்” என்றேன். முகாமில் வெளியிட்ட சிறு மலரொன்றில் சம்பூரின் வரலாற்றை அவர் எழுதியிருந்தார். ஏப்ரல் இருந்தது, செப்டெம்பர் இருந்தது. ஆகஸ்ட் இல்லை. கந்தளாய் வீதியில் நடந்த எங்களில் ஒருவரும் அதில் இல்லை. இரண்டு மலர்களையும் மேசையில் அருகருகே வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தோம். இருவரும் பொய் எழுதவில்லை. ஆனால் என் கட்டுரையை மட்டும் படித்து வளரும் பிள்ளைக்குச் சம்பூரில் ஒருவரும் அழவில்லை; அவருடையதை மட்டும் படிக்கும் பிள்ளைக்கு மூதூரில் ஒருவரும் அழவில்லை.

இறுதி ஆண்டு ஒப்படைக்கு 2006ஐயே எடுத்தோம். அவர் ஆகஸ்டை எழுதினார், நான் ஏப்ரலையும் செப்டெம்பரையும் எழுதினேன். அதற்காகக் கிளிவெட்டி முகாமுக்கு நான்கு முறை போனேன். தாய்மார் முதலில் பேசவில்லை. மூன்றாம் முறை ஒருவர் தேத்தண்ணி தந்து, “எழுதுங்க தம்பி” என்றார். தம்பியும் மூதூருக்கு வந்து என் உம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டார். எங்கள் ஊரிலும் அவர் ஊரிலும் இதை விரும்பாதவர்கள் இருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள்.

2015இலும் 2016இலும் சம்பூர் மக்களுக்குக் காணிகள் திரும்பக் கிடைத்தன. அனல் மின்நிலையத் திட்டமும் கைவிடப்பட்டது. தம்பி வீடு கட்டிக் குடிபுகுந்தபோது போயிருந்தேன். பழைய வீட்டின் அத்திவாரத்தைப் பற்றைக்குள் தேடிக் காட்டினார்.

இப்போது வகுப்பில் நொக்ஸின் கல்லைப் படிப்பிக்கும்போது, அதன் வாசகத்தை முதலில் எழுதிப் போடுகிறேன். பிறகு நூலின் பக்கத்தைக் கொடுத்து, எத்தனை நொக்ஸ் என்று கேட்கிறேன். பிள்ளைகள் கண்டுபிடித்துச் சிரித்து ஓய்ந்ததும், என் 2008ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பிரதியெடுத்துக் கையில் கொடுக்கிறேன். இதில் யார் இல்லை என்பதே அடுத்த கேள்வி.