ஹன்டரின் பதினோராண்டுச் சக்கரமும் திண்டுக்கல் சமவெளியும்

தாது வருடப் பஞ்சத்தின் நடுவே, 1877-இல், பிரிட்டிஷ் அரசின் புள்ளிவிவர அதிகாரி வில்லியம் வில்சன் ஹன்டர் தென்னிந்திய வறட்சிக்கு ஒரு கணக்குச் சொன்னார். 1813 முதல் 1876 வரை சென்னையில் பதிவான ஆண்டு மழையளவை, சூரியப் புள்ளிகள் ஏறியிறங்கும் பதினோராண்டுச் சக்கரங்களாக அடுக்கிப் பார்த்து, புள்ளிகள் அருகும் காலத்தில் மழையும் அருகுகிறது என்றார். வானியலாளர் நார்மன் லாக்யரும் அவருடன் சேர்ந்து எழுதினார். மறு ஆண்டே பொருளியலாளர் ஜெவன்ஸ், ஐரோப்பிய வணிக நெருக்கடிகளுக்குக்கூட இந்திய விளைச்சல் வழியாகச் சூரியனைப் பொறுப்பாக்கினார். காலம் அப்படி.

வளிமண்டல மாதிரிகளின் வரலாற்றைச் சொல்பவர்கள் ஹன்டரை முதற்படியில் நிறுத்தி, மிக எளிமையாக யோசித்துவிட்டார் என்று கடந்துவிடுவது உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. 1686-இல் எட்மண்ட் ஹேலி, நிலமும் கடலும் வெவ்வேறாகச் சூடேறுவதை வைத்துப் பருவக்காற்றை விளக்கியதும் எளிய மாதிரிதான். அதில் காற்று இருந்தது. ஆகவே சோதிக்க முடிந்தது. பருவமழைக்கு முந்தைய மே மாதத்தில்தான் நிலம் அதிகம் கொதிக்கிறது, மழை பொய்த்த ஆண்டுகளில் அது இன்னும் கொதிக்கிறது என்று 1921-இல் ஜார்ஜ் சிம்ப்சன் அதை மடக்கினார். ஹன்டரிடம் ஒரு முனையில் சூரியன், மறுமுனையில் மழைமானி. இடையில் காற்றே இல்லை.

அவரை முதலில் நிறுத்திக் கேட்டவர் ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி. அதே 1877-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் வைத்த சோதனை சற்று நின்று பார்க்கத் தக்கது. 64 ஆண்டு மழையைப் பதினொரு பத்திகளில் பிரித்தால் ஒரு பத்திக்கு ஐந்தோ ஆறோ ஆண்டுதான் விழும். ஒரே ஒரு புயல் கொட்டிய ஆண்டு ஒரு பத்தியின் சராசரியைத் தூக்கிவிடும். பத்திச் சராசரிகள் ஏறியிறங்குவதில் வியப்பில்லை. ஸ்ட்ராச்சி கேட்டது வேறு. ஒவ்வோர் ஆண்டின் மழையும் மொத்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது? தன் பத்தியின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது? சக்கரம் மெய்யென்றால் இரண்டாவது விலகல் நன்றாகச் சுருங்க வேண்டும். ஏறக்குறைய அப்படியே நின்றது. இன்றைய கணினி மாதிரிகளிடமும் இதையேதான் கேட்கிறோம்: வெறும் சராசரியைவிட நீ எவ்வளவு தேவலை?

ஸ்ட்ராச்சியோடு நிற்காமல் இன்னொன்றும் சொல்லலாம். ஹன்டர் தலைப்பில் வைத்தது தென்னிந்தியா. கையில் இருந்தது சென்னை. மேற்கே பழனி மலையும் தென்கிழக்கே சிறுமலையும் நிற்க, திண்டுக்கல் சமவெளி தென்மேற்குப் பருவத்தில் மழை மறைவில் கிடக்கிறது. ஆடியில் ஒட்டன்சத்திரம் பக்கம் காற்று வீசும் அளவுக்கு மழை வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் மானாவாரிக்காரர் விதைக்கிறார். பசிபிக் கடற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நீன்யோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை தளர்வதும், தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை சராசரியைத் தாண்டுவதும் அடிக்கடி காணும் போக்கு. ஒரே காரணத்துக்கு இரு பருவமும் எதிரெதிராக அசைகின்றன. அவற்றைக் கூட்டி ஆண்டு மழை என்று ஒரே எண்ணாக எழுதினால், தேடும் தடயம் கூட்டலிலேயே அழிந்துபோகலாம். ஹன்டரின் பட்டியலில் இது எந்த அளவு நடந்தது என்பதற்கு நேர்ச்சான்று குறைவு. ஆனாலும் அவருடைய பிழையின் வேர் இங்கேதான் என்று கருதுகிறேன்.

சூரியக் கருதுகோள் அதன்பிறகும் சாகவில்லை. பஞ்சம் கிளப்பிய அந்தக் கேள்விக்கும் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் எழுந்ததற்கும் தொடர்பு உண்டு. 1895-இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். அந்தக் கருதுகோள் மலையை விட்டு எப்போது இறங்கியது என்பதில்தான் சிக்கல். 1909-இல் அங்கே ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளுக்குள் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். புள்ளி தன்னளவிலேயே ஆய்வுப்பொருளானது. 1915-இல் இந்திய வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சூரியப் புள்ளிகளையும் மழையையும் ஒப்பிட்டு வலுவான உறவு இல்லை என்று கண்டார். நிர்வாக அளவில் ஆய்வகம் வானிலைத் துறையிலிருந்து பிரிந்தது 1971-இல். நான் 1909-க்கும் 1915-க்கும் இடையில் வைப்பேன். ஆனால் அங்கே வானிலைப் பதிவும் தொடர்ந்து நடந்ததால், இதுதான் தேதி என்று அடித்துச் சொல்ல முடியாது.

பிந்தைய கதை தெரிந்ததே. வாக்கர் கண்ட தென் அலைவுக்கு, அதாவது பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடல் பக்கத்திலும் காற்றழுத்தம் எதிரெதிராக ஊசலாடுவதற்குப் பின்னே பசிபிக்கின் குறுக்கே ஒரு காற்றுச் சுழற்சி இருப்பதை 1969-இல் பியர்க்னஸ் விளக்கி, அதற்கு வாக்கரின் பெயரையே வைத்தார். 1980-இல் ஏட்ரியன் கில், நிலநடுக்கோட்டருகே ஒரு வெப்ப மூலத்தை மட்டும் வைத்து, சில நேரியல் சமன்பாடுகளிலேயே அத்தகைய சுழற்சியை வரவழைத்தார். ஹன்டருடையதைப் போலவே ஒற்றைக் காரணம்தான்; ஆனால் சூட்டிலிருந்து காற்றுக்குப் போகும் வழி முழுதும் அதில் எழுதப்பட்டிருந்தது.

சிக்கலான மாதிரிகளுக்கும் திண்டுக்கல் சமவெளி எளிதில் பிடிபடுவதில்லை. 2,343 மீட்டர் உயரத்து ஆய்வகத்துக்கும் திண்டுக்கல் நகருக்கும் இடையே நேர்க்கோட்டில் 60 கிலோமீட்டர்கூட இல்லை. 100 கிலோமீட்டர் கட்டமுள்ள உலக மாதிரியில் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடலாம். பழனி மலை ஒரு மேடாகத் தட்டையாகிவிடும், சிறுமலை காணாமலே போகும். கட்டத்தைச் சில கிலோமீட்டராகக் குறுக்கினால் மலைகள் திரும்பி வருகின்றன. ஆனால் அப்படிக் கிடைத்த மழையில் எத்தனை பங்கு மலையால், எத்தனை பங்கு பசிபிக்கால் என்று பிரிக்க, ஒவ்வொரு காரணமாக நீக்கிப் பார்க்கும் எளிய மாதிரியிடம்தான் மறுபடி போகவேண்டியிருக்கிறது.